கொடிக்கால்காரர் சொன்ன கணக்கு

திண்டுக்கல்லில் ஜன்னலோரம் தொங்குகிற எந்தப் பச்சைக் கொடிக்கும் பெயர் ஒன்றுதான்: மணி பிளான்ட். எங்கள் நாகல் நகர் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் கிடந்ததும் மணி பிளான்ட்தான். வக்கீல் வீட்டு வராந்தாவில் சங்கிலித் தொட்டியில் தொங்கியதும் அதுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில் வரவேற்பு மேஜை மேல் தூசி படிந்து கிடந்ததும் அதுதான். இதில் வக்கீல் வீட்டுக் கொடி வேறு சாதி என்பதை முதலில் கண்டு சொன்னவர் எங்கள் அம்மா. அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அப்பாவின் பூட்டுப் பட்டறையிலிருந்து பறந்து வரும் அரப்பொடி கொடியின் இலையில் படியும். ஈரத் துணியால் அதைத் துடைப்பது அவர் அன்றாட வேலை. அப்படித் துடைக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வக்கீல் வீட்டம்மா கிள்ளிக் கொடுத்த தண்டு பாட்டிலில் துளிர்த்து இரண்டு இலை விட்டதும் என்னைக் கூப்பிட்டார். "இது நம்ம கொடி இல்லடா. குருத்து வர்ற விதமே வேற. சட்டை போட்டுக்கிட்டு வருது, இலை விரிஞ்சதும் சட்டையக் கழட்டிப் போட்டுருது."

பின்னாளில் தாவரவியல் புத்தகங்களைப் புரட்டியபோது, அம்மா சொன்ன அந்தச் சட்டைதான் பிலோடென்ட்ரானுக்கு முதல் அடையாளம் என்று தெரிந்தது. புதிய இலை ஒவ்வொன்றும் தனியாக ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும். இலை விரிந்த பிறகு அந்த உறை காய்ந்து பழுப்பாகித் தண்டிலேயே ஒட்டியிருக்கும், இல்லையென்றால் உதிர்ந்து விழும். மணி பிளான்ட்டுக்கு அந்த உறை கிடையாது. அதன் புதிய இலை, முந்தைய இலைக்காம்பின் ஓரத்து மடிப்பிலிருந்தே சுருள் பிரிந்து வரும். காம்பை விரலால் தடவினால் இன்னொரு வித்தியாசம் தட்டுப்படும். மணி பிளான்ட் காம்பில் மேல்பக்கம் வாய்க்கால் போட்டது போல் ஒரு பள்ளம் ஓடும். இதய இலைப் பிலோடென்ட்ரானின் காம்பு உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். கணுவைப் பாருங்கள். மணி பிளான்ட் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு தடித்த வேர்முளை விடும். பிலோடென்ட்ரான் மெல்லிசாகப் பல வேர்களை விடும். இதன் இளம் இலை செம்பு நிறம் கலந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிற மாதிரி இருக்கும். மணி பிளான்ட்டின் இளம் இலை வெறும் வெளிர்பச்சை, தொட்டால் மெழுகு பூசிய தடிமன்.

இரண்டும் ஒரே குடும்பம்தான். சேம்பு, சேனை, கருணை, குளத்தில் மிதக்கிற ஆகாயத்தாமரை எல்லாமே அந்தக் குடும்பம். ஆனால் ஊர் வேறு. மணி பிளான்ட் பசிபிக் கடலின் மூரேயா தீவிலிருந்து வந்தது. பிலோடென்ட்ரான்கள் 500-க்கும் மேற்பட்ட இனங்களோடு தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகளின் காடுகளைச் சேர்ந்தவை. மணி பிளான்ட் தானாகப் பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்ற ஊக்கியை அதனால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியவில்லை என்று 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உலகமெங்கும் வீடு வீடாகப் பரவியது முழுக்க வெட்டுத்தண்டு வழியாகத்தான்.

இலையின் அளவை நம்பி எதையும் அடையாளம் சொல்லிவிடக் கூடாது. இதை எனக்குக் காட்டியது தாண்டிக்குடி. பெரும்பாறை வழியாகப் பஸ் ஏறிப் போனால் சமவெளியின் புழுக்கம் பாதி வழியிலேயே கழன்று போகும். அங்கே காபித் தோட்டம் ஒன்றில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறியிருந்த கொடியைப் பார்த்தேன். இலை ஒவ்வொன்றும் முறம் அளவு, ஓரங்களில் கிழிசல் வேறு. உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். தோட்டத்து மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "உங்க வீட்டுப் பாட்டில்ல கெடக்குறதுதான் சார்" என்றார். மரத்தடிக்குப் போய்க் காம்பைத் தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. மணி பிளான்ட்டேதான். பாட்டிலில் உள்ளங்கை அளவோடு நிற்பது, ஏறப் பிடிமானமும் காற்றில் ஈரமும் கிடைத்தால் இப்படி ஆகிவிடுகிறது. பிலோடென்ட்ரானும் அப்படித்தான். தொங்கவிட்டால் இலை சிறுக்கும், ஏற்றிவிட்டால் பெருக்கும். நம் ஊரில் பலரும் தொங்கவிட்டே வளர்ப்பதால், அதன் முழு இலையைப் பார்த்தவர்கள் குறைவு.

நர்சரிப் பெயர்ப்பலகைகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்றாலும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் கடைகளுக்கு வருகிற அலங்காரச் செடிகளில் கணிசமானவை ஆந்திராவின் கடியத்திலிருந்தும் திருச்சூர் மண்ணுத்தியிலிருந்தும் லாரியில் வருகின்றன. பெயரும் அந்த லாரியிலேயே ஏறி வருகிறது. இதய இலைக்கு 'ஆக்சிகார்டியம்' என்பது பழைய பெயர், கடையில் இன்றும் அதுதான் ஓடுகிறது. இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் 'புரோக்கன் ஹார்ட்' பிலோடென்ட்ரானே அல்ல, மான்ஸ்டெரா. பெரிய கிழிசல் இலை மான்ஸ்டெராவையும் பிலோடென்ட்ரான் என்று விற்கிறார்கள். இலைத்தகடு காம்போடு சேரும் இடத்தில் முழங்கால் மாதிரி ஒரு மூட்டு இருந்தால் அது மான்ஸ்டெரா. காம்பைக் கிள்ளினால் பால் வந்து, இலை அம்பு வடிவில் இருந்தால் சின்கோனியம். இவ்வளவு தெரிந்தால் பேரம் பேசப் போதும்.

வளர்ப்பு விஷயத்தில் புத்தகங்கள் நமக்குச் செய்யும் கெடுதல் வேறு வகை. பிலோடென்ட்ரான் என்ற பேரினத்துக்கு 1829-இல் பெயர் வைத்தவர் ஆஸ்திரியாவின் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் ஷாட். 1817 முதல் 1821 வரை பிரேசிலில் திரிந்து செடி சேகரித்தவர், பிறகு வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டங்களுக்கு இயக்குநர் ஆனவர். பனி பெய்கிற ஊரில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தவர்களின் அனுபவம்தான் இந்தச் செடியைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி. 'கோடையில் வெளியே வை, குளிர்காலத்தில் உள்ளே கொண்டு வா' என்பது அந்த ஊர்களின் விதி. திண்டுக்கல்லில் இதை அப்படியே செய்தால் சித்திரை முடிவதற்குள் செடி கருகிவிடும். 10 டிகிரிக் குளிர் எங்கள் சமவெளிக்கு வருவதே இல்லை. நமக்கு எதிரி பங்குனி முதல் வைகாசி வரை அடிக்கும் 38, 40 டிகிரி வெயில், அதன் பின்னாலேயே வரும் ஆனி, ஆடிக் காற்று. மேற்கே பழனி மலை நின்று மறித்துக்கொள்கிறது. மழை அந்தப் பக்கம் பெய்துவிடும், காற்று மட்டும் காய்ந்து இந்தப் பக்கம் வரும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே எங்கள் ஊர் விதி தலைகீழ்: ஐப்பசி முதல் மாசி வரை வெளியே, பங்குனி முதல் ஆவணி வரை வீட்டுக்குள் அல்லது மறைப்பில்.

இந்தப் பஞ்சாங்கத்தை எனக்குக் கொடுத்தவர் என் தாய்மாமா. சோழவந்தான் தென்கரைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். பிலோடென்ட்ரான் என்ற பெயர் அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. பழனி ரோட்டில் அண்ணன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு மொட்டை மாடியில் வரிசையாகத் தொட்டி வைத்திருந்தார். ஆடி மாதம் மாமா வந்தபோது இலையெல்லாம் ஓரம் காய்ந்து சுருண்டு கிடந்தது. அண்ணன் காலையிலும் சாயங்காலமும் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா ஒரு தொட்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார், மோந்து பார்த்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, வேர்ல சேறு, தலையில காத்து. எந்தக் கொடி பொழைக்கும்? நாங்க மொதல்ல அகத்தியப் போட்டு, அது எந்திரிச்சு நின்ன பெறகுதான் கொடியவே நடுவோம். அகத்தி இல்லாம எவனாச்சும் கொடிக்கால் வைப்பானா?"

"இது வெத்தலை இல்ல மாமா, அமெரிக்கச் செடி."

"எந்த ஊர்ச் செடியா இருந்தா என்ன, கொடிதான?"

மறு வாரமே கிழக்குச் சந்தில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி, இரண்டு அகத்தி விதைக்கச் சொன்னார். அகத்தி நெடுநெடுவென்று வளர்ந்தது. அதன் அடியில் இதய இலைக் கொடியை நட்டு, வாழை நாரால் இறுக்காமல் கட்டிவிட்டார்கள். மேற்குப் பக்கம் பச்சை வலை. வெற்றிலைக்கு வேண்டியதுதான் இதற்கும் என்பது மாமாவின் கணக்கு: சல்லடை போட்ட மாதிரி விழும் வெயில், காற்றுக்கு மறைப்பு, எப்போதும் ஈரம், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. கொடிக்காலில் பாத்தி ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருக்கும், பாத்தியில் நிற்காது. தொட்டிக்கும் அதுவே பாடம். அடியில் துவாரம் அடைபடாமல் இருக்க வேண்டும். மேல் மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். அந்தக் கொடி அகத்தி உச்சியைத் தொட்டதைப் பார்த்தேன், கீழ் இலையை விட மேல் இலை மும்மடங்கு. அகத்திக்கீரை அண்ணியின் துவாதசி சமையலுக்கு ஆயிற்று, அது தனி லாபம்.

மாமாவிடம் கற்ற இன்னொன்று கொடி இறக்குவது. வெற்றிலைக் கொடி எட்டாத உயரம் போனதும், அதை இறக்கி, இலை உதிர்ந்த அடித்தண்டைச் சுருட்டி மண்ணுக்குள் பதித்து, நுனியை மறுபடி மரத்தில் கட்டுவார்கள். பதித்த கணுவெல்லாம் வேர்விடும், கொடி புதுசாகும். பிலோடென்ட்ரான் வளர்ப்பவர்கள் அடி மொட்டையாகி நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும் தொட்டியை வைத்துக்கொண்டு புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். இறக்கிப் பதித்தால் தீர்ந்தது. ஐப்பசி ஈரத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

காற்றுக்கு அடுத்த வில்லங்கம் தண்ணீர். திண்டுக்கல்லில் குடிநீர் என்பது ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து வருவது. நாங்கள் வளர்ந்த காலத்தில் அது வரும் நாள் தெருவுக்கே திருவிழா. அந்த நல்ல தண்ணியைச் செடிக்கு ஊற்றினால் அடி விழும். போர் தண்ணியோ உப்பு. தோல் ஷாப்புகள் நிறைந்திருந்த பக்கமெல்லாம் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது ஊரறிந்த கதை. போர் தண்ணி ஊற்றிய மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் உப்பை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அந்த உப்பு வேரைச் சுடும், இலை நுனி பழுப்பாகக் காயும், வீட்டுக்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அம்மா அரிசி கழுவிய தண்ணீரையும் காய்கறி அலசிய தண்ணீரையும் சேர்த்து வைத்து ஊற்றினார். இன்று மொட்டை மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதுவும் ஆகும். ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். சிக்கனம் என்று நினைத்து எங்கள் தெருவில் பலரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள். தரை கழுவப் பயன்படுத்துங்கள், செடியை விட்டுவிடுங்கள்.

மண்ணுக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. செம்மண் குறைவாகவும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் அதிகமாகவும் போட்டு, இரண்டு கைப்பிடி அடுப்புக்கரியை நொறுக்கிக் கலந்தால் போதும். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு. வீட்டுக்குள் கிழக்கு ஜன்னல்தான் உத்தமம். புத்தகம் படிக்கிற வெளிச்சம் இல்லாத மூலையில் வைத்தால் சாகாது, ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு நோஞ்சானாகப் போகும். ஏறுவதற்கு, பிவிசி குழாயில் தேங்காய் நார்க் கயிறைச் சுற்றி நட்டு, அந்தக் கயிறை ஈரமாக வைத்திருந்தால் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய். லாரியில் வந்த செடியைக் கடையிலிருந்து கொண்டு வந்தவுடன் தொட்டி மாற்ற வேண்டாம். கடியத்தில், கோதாவரிக் கரையின் நிழல்வலைக்குள் பிறந்தது, நம் வறட்டுக் காற்றைப் பார்த்துச் சில இலை உதிர்க்கும். கொஞ்ச நாள் நிழலில் விட்டால் தேறிவிடும்.

வெளியில், தரையிலேயே வைக்க ஆசை என்றால் கொடியை விடச் செல்லோம் நல்லது. நர்சரிப் பையன்கள் வாயில் அது 'செல்லம்'. ஏறாத வகை, அகலமாக விரிந்து, ஆழமாகக் கிழிந்த இலைகளோடு புதராக நிற்கும். தண்டில் உதிர்ந்த இலைகளின் வடு கண் கண்ணாகத் தெரியும். 2018-இல் தாவரவியலாளர்கள் இதையும் இதன் உறவுகளையும் பிலோடென்ட்ரானிலிருந்து பிரித்து தௌமட்டோஃபில்லம் என்று தனிப் பேரினம் ஆக்கிவிட்டார்கள். கடையில் மாறவில்லை, மாறவும் போவதில்லை. வேப்பமரத்தடியில், சருகு மூடாக்குப் போட்டு வைத்தால் திண்டுக்கல் வெயிலை ஓரளவு தாங்குகிற ஆள் இவர்தான். சின்னாளபட்டிப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் அப்படி முதிர்ந்து நின்ற செல்லோம் ஒன்று பூத்தது. தென்னம்பாளை மாதிரி ஒரு பாளை, உள்ளே வெள்ளைக் கதிர். பொழுது சாய்ந்ததும் பாளை விரிந்தது. நண்பர் என் கையைப் பிடித்துக் கதிரின் மேல் வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிச் சூடு. பொய்யில்லை, இதை 1972-இல் ரோஜர் சீமோர் உள்ளிட்ட மூவர் அளந்து எழுதியிருக்கிறார்கள்: வெளியே 4 டிகிரி இருந்தாலும் 39 இருந்தாலும் கதிரின் சூடு 38-க்கும் 46-க்கும் இடையில்தான் நிற்கும். செடி தன் கொழுப்பை எரித்து அந்தச் சூட்டை உண்டாக்குகிறது. வாசனையைப் பரப்பி, பிரேசில் காட்டு வண்டுகளை ராத்தங்க அழைப்பதற்காக இவ்வளவு செலவு. அந்த வண்டு சின்னாளபட்டியில் ஏது? கதிர் இரண்டு நாளில் ஆறி வாடிப்போயிற்று.

கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் செடி வாங்க ஆரம்பித்ததும், இந்தச் சாதிக்கு வந்த விலையை அம்மா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அண்ணன் மகள் ஆன்லைனில் ஒன்று வாங்கி வாட்சப்பில் படம் அனுப்பினாள்.

"சித்தப்பா, பிங்க் கலர் பிலோடென்ட்ரான். பிங்க் காங்கோ."

இலை முழுக்க மிட்டாய் நிறம். புதுக் குருத்து என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றாள். பிங்க் காங்கோ என்பது மருந்து காட்டி நிறம் ஏற்றியது, சில மாதங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். பிங்க் பிரின்சஸ் என்று ஒன்று உண்டு, அது இயற்கையாகவே இலைக்கு இலை திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, அதற்குத்தான் விலை. பிறகு அவள் செடியும் முழுப் பச்சையாகி, ஆரோக்கியமாகவே இருக்கிறது. விற்றவர்கள் மேல் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இரண்டு விஷயம் சுருக்கமாக. கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இந்தச் செடிகளிலும் உண்டு. கருணையைப் புளி விட்டு வேகவைத்துத் தின்கிறோம், இதைத் தின்ன முடியாது. தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாமல் வையுங்கள். மற்றது, காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரம். 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையை வைத்துச் சொல்வது அது. 2019-இல் வந்த மறுபரிசீலனை, ஜன்னலைத் திறந்தால் கிடைக்கிற பலனுக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்றது. காற்றுக்காக வாங்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்குங்கள், அது போதாதா?

திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் பிடிக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் என் வீட்டு வாசல் கொடியும் அவ்வப்போது குறைகிறது. எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணியை அடித்துக் கேளுங்கள், கத்திரியால் வெட்டித் தருகிறேன். சித்திரையில் வராதீர்கள், முதல் ஐப்பசி மழை கழிந்து வாருங்கள். இரண்டு கணுவாவது உள்ள தண்டாக எடுத்துப் போங்கள். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போனால், அது தண்ணீரில் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர் கூட விடலாம். ஆனால் கணு இல்லாமல் கொடி ஆகாது.